தென்னந்தோப்பில் விழுந்த கடல் ஆலா

ஆசிரியருக்கு வணக்கம்.

பொள்ளாச்சி அருகே தென்னந்தோப்பில் விழுந்து கிடந்த பறவையைப் பற்றிப் படத்துடன் செய்தி வெளியிட்டிருந்தீர்கள். ‘ஆஸ்திரேலியாவிலிருந்து வழிதவறி வந்த அரிய பறவை’ என்று தலைப்பு. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. படத்தில் இருப்பது சூட்டி டெர்ன் எனப்படும் கடல் ஆலா. லட்சத்தீவில் கவரத்திக்கு வடமேற்கே உள்ள பிட்டி என்ற சிறு மணல்திட்டிலேயே இது முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஓங்கி அடிக்கும் மாதங்களில் மேற்குக் கரையில் களைத்து ஒதுங்கும் கடற்பறவைகளில் இதுவும் ஒன்று. அதே காற்றுதான் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் வருகிறது. காற்றில் சிக்கிய பறவை மலை ஏறாமலே இந்தப் பக்கம் வந்துவிடும்.

இதைப் பிரைடில்டு டெர்ன் என்று சொல்பவர்களும் இருப்பார்கள். மகாராஷ்டிரத்தின் வெங்குர்லா பாறைத் தீவுகளில் கூடு கட்டும் அந்த இனமும் இதே காற்றில் கரை ஒதுங்கக்கூடியது என்பதால் சந்தேகம் நியாயமானதே. இரண்டுக்கும் மேலே அடர்நிறம், கீழே வெள்ளை, பிளவுபட்ட வால். தீர்ப்பு சொல்வது தலைதான். சூட்டியின் நெற்றி வெள்ளை அகலமாகத் தொடங்கிக் கண்ணுக்கு மேலேயே நின்றுவிடும். பிரைடில்டில் அது ஒடுங்கிய புருவமாகக் கண்ணைத் தாண்டிப் பின்னால் ஓடும். அடுத்துப் பிடரியைப் பாருங்கள். சூட்டிக்கு உச்சந்தலையும் முதுகும் ஒரே கறுப்பு. பிரைடில்டுக்குத் தொப்பி கறுப்பு, முதுகு சாம்பல் கலந்த பழுப்பு, நடுவே வெளிறிய ஒரு பட்டை. உங்கள் படத்தில் வெள்ளை கண்ணோடு முடிகிறது, பிடரியில் பட்டை இல்லை. ஆகவே சூட்டி.

முதுகின் நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டுவதுதான் வழக்கமான பிழை. உச்சி வெயிலில் செல்பேசியில் எடுத்தால் சூட்டியின் கறுப்பு பழுப்பாகத் தெரியும். இறகு தேய்ந்த பறவை உண்மையிலேயே பழுப்பாகத்தான் இருக்கும். நிழலில் எடுத்தால் பிரைடில்டு கறுப்பாகிவிடும். வெளிச்சம் கூடிப்போன படத்தில் நெற்றி வெள்ளையே பக்கத்து இறகுகளுக்குப் பரவி, இல்லாத புருவத்தைக் காட்டும். அதனால் நிழலில், பக்கவாட்டில், கண்ணும் அலகும் தெளிவாகத் தெரிய ஒரு படம் கட்டாயம் வேண்டும். பிடரி, முதுகு, வால் தெரிய மேலிருந்து ஒன்று, வயிறு தெரிய ஒன்று, பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒன்று எடுத்தால் போதும். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படம் நுணுக்கத்தை இழந்துவிடும், எடுத்த தேதியும் அதில் இருக்காது. மூலக் கோப்பை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இளம் பறவை வந்தால் குழப்பம் வேறு மாதிரி. சூட்டியின் இளம் பறவைக்கு மார்பு உட்பட உடல் முழுக்கக் கரும்பழுப்பு, முதுகில் வெள்ளைப் புள்ளிகள், அடிவயிறு மட்டும் வெளிறல். இதை நாடி என்னும் இன்னொரு கடற்பறவையாகப் பதிந்துவிடுகிறார்கள். பழுப்பு நாடிக்கு முதுகில் புள்ளி கிடையாது. நெற்றி சாம்பல் வெள்ளை, வால் ஆப்பு வடிவில் நீண்டு நுனியில் மட்டும் லேசாக வெட்டுப்பட்டிருக்கும். நம் ஏரிகளில் சாதாரணமாகக் காணும் மீசை ஆலாவோடு குழப்பிக்கொள்ளத் தேவையே இல்லை. அது சுமார் 25 செ.மீ. நீளம்தான், முதுகும் வெளிர் சாம்பல்.

செய்தியில் என்னை உறுத்தியது வேறொன்று. பறவையைத் தொட்டித் தண்ணீரில் விட்டு, பாலில் நனைத்த ரொட்டி கொடுத்தார்களாம். நல்ல மனதோடு செய்ததுதான், ஆனால் அதுவே அதைக் கொன்றுவிடும். கடற்பறவையாயிற்றே, தண்ணீரில் விட்டால் தெளிந்துவிடும் என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. சூட்டியின் இறகு தண்ணீரைத் தடுக்காது. ஊறிப்போய்க் குளிரில் விறைத்துவிடும். கடலிலேயே வாழ்ந்தாலும் அது அலைமேல் உட்காருவதில்லை, பறந்தபடியே மேற்பரப்பில் மீனைக் கொத்தி எடுக்கும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். காற்றில் தூக்கி எறிந்து ‘பறக்க’ விடுவதும் வேண்டாம். துளையிட்ட அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். கையுறை இல்லாவிட்டால் துணியால் போர்த்தித் தூக்கலாம், இறக்கையைப் பிடித்துத் தொங்கவிடக் கூடாது.

காலில் பறவை ஆய்வாளர்கள் மாட்டும் அடையாள வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எழுத்தும் எண்ணும் முழுதும் தெரியும்வரை சுற்றிச் சுற்றிப் படமெடுக்க வேண்டும். உயிருள்ள பறவையிலிருந்து வளையத்தைக் கழற்றக் கூடாது. எங்கே வளையம் மாட்டப்பட்டது என்று ஊகிக்காமல் சொல்ல அந்த எண்தான் வழி. பறவை இறந்துபோனால் உடனே புதைத்துவிடாமல் வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். கிடைத்த ஊர், தேதி, நேரம், முந்தின நாள் மழை, காற்று எப்படி இருந்தது என்பதைப் பென்சிலில் எழுதி அதன் காலிலேயே கட்டிக் கொடுக்க வேண்டும். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோவை