பளுதூக்கும் கூடத்துக்கு ஒரே ஒரு பெண்கள் பார் வேண்டி நான்காவது மனு

அனுப்புநர்:
பளுதூக்கும் கூடத்தின் பயிற்சியாளர் மற்றும் மாணவிகளின் பெற்றோர்

பெறுநர்:
மாவட்ட விளையாட்டு அலுவலர் அவர்கள்

பொருள்: பளுதூக்கும் பயிற்சி பெறும் மாணவிகளுக்கு 15 கிலோ பெண்கள் பார் (எடைத் தட்டுகளை மாட்டித் தூக்கும் கம்பி) ஒன்று வழங்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் அலுவலகத்துக்கு உள்ள வேலைப்பளு எனக்குத் தெரியும். அதனால் கூடத்தைப் பற்றிய விவரங்களை மறுபடியும் எழுதி நேரத்தை வீணாக்கவில்லை. மைதானத்தின் பின்வாசல் பக்கம், தகரக் கூரை போட்ட அதே கூடம்தான். தாங்களே இரண்டு முறை நேரில் வந்திருக்கிறீர்கள். இரண்டாவது முறை வந்தபோது மேடையின் இடது ஓரத்தில் ஒரு சிறுமி தூக்கிக்கொண்டிருந்தாள். தாங்கள் நின்று பார்த்துவிட்டுக் கைதட்டினீர்கள். இந்த மனு அவளுக்காகவும் அவளோடு பயிலும் மற்ற ஆறு பெண் பிள்ளைகளுக்காகவும்.

1. முதல் மனுவைச் சென்ற ஆண்டு ஜூன் மாதம் நேரில் கொடுத்தேன். இரண்டாவதை அக்டோபரில் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்றாவதை இந்த ஆண்டு ஜனவரியில், பெற்றோர் நான்கு பேருடன் குறைதீர் கூட்டத்துக்கு வந்து கொடுத்தேன். மூன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு இருக்கிறது. பதில் ஒன்றுக்கும் வரவில்லை.

2. அந்தப் பெண் 12 வயதில் தன் அண்ணனோடு வேடிக்கை பார்க்க வந்தவள். முதல் மூன்று மாதம் அவள் கையில் வெறும் மரக்கழியைத்தான் கொடுத்தேன். பல பிள்ளைகள் அந்தக் கழிக் காலத்திலேயே சலித்துப்போய் நின்றுவிடுவார்கள். இவள் நிற்கவில்லை. பளுதூக்குதலில் கை பலத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். உண்மையில், இடுப்பு வரை இழுத்த பாருக்குக் கீழே நாம் எவ்வளவு சீக்கிரம் போய் உட்காருகிறோம் என்பதில்தான் பாதி விளையாட்டு இருக்கிறது. அந்த வேகம் இவளுக்கு இயல்பிலேயே இருக்கிறது. நான் சொல்லிக்கொடுத்தது அல்ல. இப்போது 15 வயது, உடல் எடை 45 கிலோ. ஸ்னாட்சில் (பாரை ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) 55, கிளீன் அண்ட் ஜெர்க்கில் (முதலில் தோளுக்கு ஏற்றி, பிறகு தலைக்கு மேல் தூக்குவது) 70, மொத்தம் 125 கிலோ தூக்குகிறாள். இரண்டு வருடங்களுக்கு முன்பு அவள் மொத்தம் 80. மாவட்டப் போட்டியில் தொடர்ந்து இரண்டு முறை முதலிடம். நானும் ஒரு காலத்தில் தூக்கியவள், பதினோரு வருடமாகச் சொல்லிக்கொடுப்பவள். இப்படி ஒரு பிள்ளை இந்தக் கூடத்துக்கு இதுவரை வந்ததில்லை.

3. இனி அந்தப் பாரைப் பற்றி. ஐயா, தயவுசெய்து இந்தப் பகுதியை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள். முந்தைய மூன்று மனுவிலும் இதைச் சுருக்கமாக எழுதியதுதான் என் தவறோ என்று நினைக்கிறேன்.

போட்டியில் ஆண்களுக்கு ஒரு பார், பெண்களுக்கு வேறு பார். ஆண்களுடையது 20 கிலோ, கைப்பிடியின் விட்டம் 28 மில்லிமீட்டர். பெண்களுடையது 15 கிலோ, விட்டம் 25 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பளுதூக்குபவர்கள் பாரை வெறுமனே பிடிப்பதில்லை. கட்டைவிரலை பாரோடு ஒட்டி உள்ளே வைத்து, அதன் மேல் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடித்துப் பூட்டுவார்கள். ஹூக் கிரிப் என்போம். அந்தப் பூட்டு விழவில்லை என்றால் வேகமாக இழுக்கும்போது பார் விரலை விட்டு நழுவும். சின்னக் கை உள்ள பெண்ணுக்கு 28 மில்லிமீட்டரில் இந்தப் பூட்டு சரியாக விழாது. விரல் நுனியில் தொங்கவிட்டுத்தான் இழுக்கிறாள். கட்டைவிரலின் உட்பக்கத் தோல் வாரத்துக்கு இரண்டு முறையாவது கிழிகிறது. டேப் சுற்றிக்கொண்டு மறுபடியும் இழுக்கிறாள். டேப் சுற்றினால் விரல் இன்னும் தடிக்கிறது, பூட்டு இன்னும் விலகுகிறது.

நம் கூடத்தில் இருப்பது ஆண்கள் பார். அதுவும் நான் தூக்கிய காலத்திலேயே இருந்த பார். தரையில் உருட்டிவிட்டால் எழும்பி எழும்பி ஓடும், அந்த அளவுக்கு வளைந்திருக்கிறது. நடுவில் பிடிமானத்துக்காகப் போட்ட வெட்டுகள் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டன. இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவே முடியாதது, அதன் ஸ்லீவ் சுற்றாமல் இறுகிப்போனது.

ஸ்லீவ் என்பது இரு முனையிலும் பிளேட் (எடைத் தட்டு) மாட்டுகிற உருளை. நல்ல பாரில் அது தனியாகச் சுற்றும். தூக்குபவர் மணிக்கட்டைத் திருப்பும்போது நடுக்கம்பி மட்டும் கையோடு திரும்பும், பிளேட்டுகள் அப்படியே இருக்கும். அப்படிச் சுற்றவில்லை என்றால் பிளேட்டுகளின் மொத்த எடையையும் மணிக்கட்டுதான் திருப்பியாக வேண்டும். 70 கிலோவை நெஞ்சுக்கு மேல் ஏற்றுகிற அந்தக் கண நேரத்தில், 45 கிலோ உடம்புள்ள ஒரு பிள்ளையின் மணிக்கட்டு, இறுகிப்போன இரும்போடு மல்லுக்கட்டுகிறது. முழங்கை சீக்கிரம் முன்னால் வராது. தாமதமாக வருகிற முழங்கை, உட்கார்ந்திருக்கிற தொடையில் இடிக்கும். போட்டியில் முழங்கை தொடையில் பட்டால் அந்த முயற்சி செல்லாது, சிவப்பு விளக்குதான். இடிக்காமல் தப்பினால் பார் வந்து காறை எலும்பில் விழும். அவள் கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் கன்றிப்போன கறுப்புத் தழும்பு இருக்கிறது. அவள் அம்மா அதை என்னிடம் காட்டி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

நாங்கள் சும்மா இருக்கவில்லை ஐயா. முனையைக் கழற்றி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, கிரீஸ் தடவினோம். ஒரு வாரம் சுற்றியது. அப்புறம் பழையபடி இறுகிக்கொண்டது. உள்ளே ஸ்லீவ் சுற்ற உதவுகிற புஷ் தேய்ந்துவிட்டது, தண்டும் அந்த இடத்தில் வளைந்திருக்கிறது. இனி எத்தனை முறை கழற்றினாலும் இதே கதைதான்.

சென்ற மாதம் அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், முறிவு எதுவும் இல்லை, ஆனால் வளரும் வயது, எலும்பின் நுனி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, இரண்டு வாரம் தூக்கக் கூடாது என்றார். இரண்டு வாரமும் தினமும் வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு மற்றவர்களுக்கு பிளேட் எடுத்துக் கொடுத்தாள்.

4. சென்ற மாநிலப் போட்டியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே சரியான பெண்கள் பார் இருந்தது. எடை குறைவாக, மெல்லியதாக, விரல் பட்டாலே சுற்றுகிற பார். அவளுக்கு அது ஒரு பரிசாக இருந்திருக்க வேண்டும். இறுகிய பாரைத் திருப்பப் பழகிய கை, சுற்றுகிற பாரையும் அதே பலத்தோடு திருப்பியது. ஸ்னாட்சில் 52 கிலோ. இங்கே பயிற்சியில் அதைவிட அதிகத்தைச் சர்வசாதாரணமாகத் தூக்குகிறாள். முதல் முயற்சியில் பார் தலைக்கு மேல் போய்ப் பின்னால் விழுந்தது. இரண்டாவதும் பின்னால். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, மூன்றாவது முறை போய் நின்றாள். மூன்றாவதும் பின்னால்தான். ஸ்னாட்சில் ஒன்றுகூடத் தேறவில்லை என்றால் மொத்தம் என்பதே கிடையாது. அதற்குப் பிறகு கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று முயற்சியும் வெள்ளை விளக்கு வாங்கினாள். பயன் இல்லை. பட்டியலில் அவளுக்கு இடமே இல்லை.

திரும்பி வரும் வழியில் நம் நாட்டுப் பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவைப் பற்றிச் சொன்னேன். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அவரும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று முயற்சியும் தவறவிட்டு மொத்தம் இல்லாமல் வெளியே வந்தவர்தான், ஐந்து வருடம் கழித்து டோக்கியோவில் 87, 115, மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார் என்றேன். கேட்டுக்கொண்டே வந்தவள், "அக்கா, அவங்க பிராக்டீஸ் பண்ணதும் இதே மாதிரி பார்லதானா?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியைத் தங்களிடம் சேர்க்கிறேன்.

5. சின்ன பிளேட்டுகளும் இல்லை. கூடத்தில் இருப்பதிலேயே சிறியது 2.5 கிலோ. இரண்டு பக்கமும் மாட்டினால் 5 கிலோ ஏறிவிடும். போட்டியிலோ ஒரு கிலோவாக ஏற்றலாம். 2024 பாரிஸில் மீராபாய் 199 கிலோ தூக்கி நான்காவது வந்தார். வெண்கலம் வாங்கியவர் தூக்கியது 200. சின்ன பிளேட்டுகளை இந்த மனுவில் கேட்கவில்லை. அடுத்த மனுவில் கேட்கிறேன். முதலில் பார் வேண்டும்.

6. ஜனவரியில் வந்தபோது அலுவலகத்தில் ஒருவர் கேட்டார்: "கம்பின்னா கம்பிதானேம்மா, இதுல ஆம்பளைக் கம்பி, பொம்பளைக் கம்பின்னு என்ன?" அன்று நான் பேசாமல் வந்துவிட்டேன். இன்று சொல்கிறேன். பெண்கள் பளுதூக்குதல் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 2000 சிட்னியில். அந்த முதல் வருடமே கர்ணம் மல்லேஸ்வரி 110, 130, மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலத்தோடு வந்தார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர். அன்றைக்குப் பிறகு எத்தனை வருடம் ஆகிவிட்டது! இன்னமும் ஒரு மாவட்டக் கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு பார் இல்லை, அதைக் கேட்டு வந்தால் கம்பி கம்பிதானே என்கிறார்கள்.

இன்னொருவர், ஹிடிலின் டியாஸ் கொரோனா காலத்தில் மூங்கில் கழியில் தண்ணீர்ப் புட்டி கட்டித் தூக்கித்தானே பிலிப்பைன்ஸுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார் என்று எடுத்துச் சொன்னார். உண்மைதான். அவர் ஏற்கெனவே ரியோவில் வெள்ளி வாங்கியவர், ஊரடங்கில் வெளிநாட்டில் மாட்டிக்கொண்டு, வேறு வழியில்லாமல் அப்படிச் செய்தார். இங்கே எந்த ஊரடங்கும் இல்லை. மனு மட்டும் ஊரடங்கில் இருப்பது போல ஒரே மேசையில் இருக்கிறது. ஐயா, கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் அடித்துவிட மனம் வரவில்லை.

7. ஒரே ஒரு பார். 15 கிலோ. 25 மில்லிமீட்டர். ஸ்லீவ் சுற்ற வேண்டும். புதிதாக வாங்கத் தாமதமாகும் என்றால், தங்கள் பொறுப்பில் உள்ள வேறு கூடத்தில் பயன்படாமல் கிடந்தாலும் தாருங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். இரவல் என்றாலும் சரி, எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறேன். தர முடியாது என்றால் அதையாவது எழுத்தில் தெரிவியுங்கள். பரிசீலனையில் உள்ளது என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். பரிசீலனை முடிவதற்குள் 15 வயது 16 ஆகிவிடுகிறது, ஆறு பேரில் இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள், மூன்றாவது ஒருத்தியும் போன வாரத்திலிருந்து வரவில்லை.

8. அடுத்த மாநிலப் போட்டிக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. புதிய பாருக்குக் கை பழக ஆறிலிருந்து எட்டு வாரமாவது வேண்டும். அதனால்தான் இந்த மாதமே கேட்கிறேன்.

தாங்கள் மறுபடியும் ஒருமுறை கூடத்துக்கு வாருங்கள். மாலை ஐந்து மணிக்குமேல் எப்போது வந்தாலும் அவள் இருப்பாள். அந்த பாரின் ஒரு முனையைத் தாங்களே கையால் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் இந்த மனுவை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மாணவிகளுக்கு ஒரு பெண்கள் பார் வழங்கி உதவுமாறு மீண்டும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பயிற்சியாளர், பளுதூக்கும் கூடம்
(மாணவிகளின் பெற்றோர் கையொப்பங்கள் பின்பக்கம்)

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள், மாணவியின் வலது மணிக்கட்டு எக்ஸ்ரே நகல்.