கண்டியில தங்கினோம், நம்ம தோட்டப் பக்கமும் தங்க இடம் வேணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்க பேப்பர்ல லீவுக்கு எங்க போகலாம்னு வந்த கட்டுரையை வீட்ல எல்லாரும் படிச்சோம். ஹோட்டல் ரூம்ல அடைஞ்சு கிடக்காம, கலகலன்னு இருக்கிற டவுன் ஏரியாவுல ஒரு வீட்டை ரெண்டு மூணு நாளைக்கு வாடகைக்கு எடுத்து அந்த ஊர் ஆளுங்களோட ஆளா இருந்து பாருங்கன்னு எழுதியிருந்தீங்க, ரொம்ப சரி, நாங்களும் ஸ்கூல் லீவுக்கு கண்டியில அப்படித்தான் தங்கினோம். ஆனா மலையகம்னு வந்ததும் கட்டுரையில ரயிலும் தேயிலை மலையும் வெள்ளைக்காரத் தொரமாரு இருந்த பங்களாவும்தான் இருந்திச்சு, இங்க தோட்டத்துல இருக்கிற நம்ம சனத்தைக் காணோம். அது மனசுல உறுத்திக்கிட்டே இருந்ததாலதான் எழுதுறேன்.

கண்டியில நாங்க எடுத்தது ஏரிக்கு மேல மலையில ஏறுற ரோட்டுல ஒரு பழைய வீட்டோட மேல்மாடி. கீழ வீட்டுக்கார அம்மா, சிங்கள ஆளு, தமிழ் ஓரளவு பேசுவாங்க. சமையலறை இருந்ததால மாமிக்கு வேண்டிய கஞ்சி, புளி கொறைச்ச கொழம்பு எல்லாம் நானே வச்சுக் குடுத்தேன், ஹோட்டல்ல இது நடக்குமா? காலையில அஞ்சரைக்கு புத்தரோட பல்லு இருக்கிற தலதா மாளிகையில பூசைக்கு மேளம் அடிக்கிறது மலை மேல வரைக்கும் கேக்கும், பிள்ளைங்க அலாரம் இல்லாமலே எழும்பிட்டாங்க. பக்கத்து வீட்ல ஒரு மேள மாஸ்டர், சாயங்காலமானா பத்துப் பன்னண்டு பொடியன்மாரு கண்டி ஆட்டத்துக்கு அடிக்கிற ‘கெட்ட பெரய’ங்கிற மேளத்தை இடுப்புல கட்டிக்கிட்டு வாயால தாளம் சொல்லிச் சொல்லி அடிக்கப் பழகுவாங்க, என் மகன் மதில் மேல ஏறி உக்காந்தவன் எறங்கவே இல்ல, கடைசியில மாஸ்டரே அவனைக் கூப்பிட்டு ஒரு மேளத்தை மடியில வச்சு கையைப் புடிச்சு அடிக்க வச்சாரு.

அந்த அம்மா சும்மா சாவியைக் குடுத்துட்டுப் போற ஆளு இல்ல. ஏரிக்கரையில கண்டிக் கலைச் சங்கத்து மண்டபத்துல சாயங்காலம் அஞ்சு மணிக்கு நடனம் இருக்கு, அது 1882ல ஆரம்பிச்ச சங்கம், அதைப் பாத்துட்டு அப்படியே நடந்து போனா ஆறரை மணி பூசைக்கு மாளிகைக்குப் போயிரலாம்னு வழி சொல்லி அனுப்பினாங்க. பத்தினி தேவாலயத்துல இருக்கிறது நம்ம கண்ணகி அம்மாதான்னு மாமிக்கு எடுத்துச் சொன்னதும் அவங்கதான், மாமி அங்க போய் விளக்குப் போட்டுட்டுத்தான் வந்தாங்க. பிலிமத்தலாவ பக்கம் கடலாதெனிய விகாரைக்கும் எம்பெக்க தேவாலயத்துக்கும் த்ரீவீல் பேசி விட்டாங்க, கடலாதெனியவை 1344ல கட்டின தலைமைச் சிற்பி கணேஸ்வராச்சாரின்னு ஒரு தென்னிந்தியர், கல்லுத் தூணும் கோபுரமும் பாத்தா நம்ம கோயிலுக்குள்ள நிக்கிற மாதிரியே இருக்கும். எம்பெக்கயில மரத்தூண்ல செதுக்கியிருக்கிற அன்னப்பட்சியையும் மல்யுத்தம் புடிக்கிற ஆளுங்களையும் பாக்கிறதுக்கே ஒரு நாள் காணாது.

இப்படி வீடு எடுக்கப் போறவங்களுக்கு ஒண்ணு மட்டும் சொல்லிர்றேன், போட்டோவைப் பாத்து காசு கட்டிராம ரோட்டுல இருந்து வாசலுக்கு எத்தனை படின்னு கேளுங்க, கண்டி வீடுகள் எல்லாம் மலையில ஒட்டிக்கிட்டு நிக்குது, வயசானவங்களுக்கு முழங்கால் போயிரும். பெரஹரா ஊர்வலம் நடக்கிற காலத்துல வாடகை எங்கயோ ஏறிரும், அந்தப் பத்து நாளைக்கும் மாசக்கணக்குல முன்னுக்கே சொல்லி வைக்கணும்.

இன்னொண்ணும் எழுதாம விட மாட்டேன். இந்த வீடு கிடைக்க முந்தி வேற ஒரு வீட்டுக்கு போன் எடுத்தோம், எங்க இருந்து பேசுறீங்கன்னாங்க, ஹட்டன்னு சொன்னதும் நாங்க வெளிநாட்டு ஆளுங்களுக்கு மட்டும்தான் குடுக்கிறதுன்னு வச்சிட்டாங்க. சொந்த நாட்டுல காசு குடுத்துத் தங்க வர்ற குடும்பத்தை இப்படிச் சொல்றது பெரிய தப்பு. இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்ல, வேற ஆளுங்களும் எத்தனையோ இடத்துல பட்டதாச் சொல்றாங்க. இதைப் பத்தி உங்க பேப்பர் ஒரு நாள் பெருசா எழுதணும்.

சரி, நான் சொல்ல வந்த விசயத்துக்கு வர்றேன். கண்டியில ஒரு அம்மா தன்னோட வீட்டுல ஒரு மாடியைக் குடுத்து, அந்த ஏரியாவோட மேளம், ஆட்டம், மரவேலை எல்லாத்துக்கும் விருந்தாளியைக் கூட்டிப்போய் விட முடியுதுன்னா ஹட்டன்ல, தலவாக்கலையில, பண்டாரவளையில நம்ம ஆளுங்களால ஏன் முடியல? நம்மகிட்ட கலை இல்லையா? மாசி மாசம் வந்தா தோட்டத்துக்குத் தோட்டம் காமன் கூத்து, ரதியும் மன்மதனும் வேசம் கட்டி வீடு வீடா ஆடி வருவாங்க, தப்பு மேளம் அடிக்கிற சத்தம் அடுத்த மலை வரைக்கும் போகும், சிவபெருமான் நெத்திக்கண்ணால மன்மதனை எரிக்கிற ராத்திரியில ரதி ஒப்பாரி வச்சா அழாத பொம்பளை இருக்க மாட்டாங்க. பொன்னர் சங்கர் கூத்து இருக்கு, அருச்சுனன் தபசு இருக்கு, விடிய விடிய ஆடுவாங்க, பகல் முழுக்க மலையில கொழுந்து எடுத்தவங்களும் முள்ளால மண்ணைக் கிளறினவங்களும்தான் ராத்திரியில கம்பளியைப் போத்திக்கிட்டு உக்காந்து பாக்கிறாங்க. தோட்ட வேலைக்குன்னு இந்தியாவுல இருந்து வந்து 1823ல இருந்து இந்த மலையில இருக்கிற சனம், 2023ல இருநூறு வருசம்னு தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நடந்தாங்க, உங்க பேப்பர்லயும் போட்டோ போட்டீங்க. ஆனா வெளிநாட்டுக்காரங்களும் கொழும்பு ஆளுங்களும் நானுஓயாவுல இருந்து எல்ல வரைக்கும் ரயில் ஜன்னல்ல தொங்கிக்கிட்டு கொழுந்துக்கூடையோட நிக்கிற அக்காமாரை போட்டோ எடுக்கிறாங்க, ராத்திரிக்கு பழைய தொர பங்களாவுல படுக்கிறாங்க. அங்க சமைக்கிறதும் தோட்டம் கூட்டுறதும் துணி தொவைக்கிறதும் நம்ம ஆளுங்கதான், ஆனா ஒரு ராத்திரி ரூம் வாடகையில அவங்க கைக்கு என்ன வருது?

நாள் சம்பளத்தை 1000 ரூபா ஆக்குறதுக்கே 2021 வரைக்கும் வருசக்கணக்கா போராட வேண்டியிருந்த சனம் இது. வீட்ல ஒரு காம்பராவை விருந்தாளிக்கு விட்டு நாலு காசு பாக்கணும்னா மொதல்ல வீடு தன் பேர்ல இருக்கணும். லயம்னு சொல்ற வரிசை வீடு தோட்டத்தோடது, 1992ல தோட்டங்களை நடத்துற பொறுப்பைக் கம்பெனிகளுக்குக் குடுத்தப்பவும் லயத்துல இருந்தவங்க பேருக்கு எதுவும் எழுதல. ஏழு பேர்ச் காணி, பத்து பேர்ச் காணின்னு எலக்சனுக்கு எலக்சன் கேட்டுக்கிட்டே இருக்கோம், இன்னமும் எத்தனையோ குடும்பத்துக்கு காணி உறுதிப் பத்திரம் கைக்கு வரல. சுற்றுலா அதிகார சபையில வீட்டோட தங்குற இடம்னு பதியுறதுக்குத் தனி வகையே இருக்கு, ஆனா உறுதி இல்லாதவங்க எந்தப் பேப்பரைக் கொண்டு போய்க் குடுப்பாங்க?

லயத்துக் காம்பராவைக் காட்டி காசு வாங்கச் சொல்றேன்னு யாரும் எடுத்துக்கக் கூடாது. ஒழுகுற தகரத்தையும் ஏழெட்டு வீட்டுக்கு ஒரு கக்கூசையும் காட்சிப்பொருளாக்குறதுக்கு நான் கடைசி வரைக்கும் எதிர்ப்புத்தான். நான் கேக்கிறது டவுன்ல சொந்த வீடு வச்சிருக்கிற நம்ம டீச்சர்மாரை, கடை முதலாளிமாரை, வெளிநாட்டுல இருந்து பிள்ளைங்க காசு அனுப்பி மாடி கட்டிட்டு அதைப் பூட்டி வச்சிருக்கிறவங்களை. அந்த மாடியை முறையாப் பதிஞ்சு விருந்தாளிக்குக் குடுங்க, காலையில ரொட்டியும் கட்டச்சம்பலும் பிளேன்டீயும் வையுங்க, பக்கத்துத் தோட்டத்துல கூத்து எப்பன்னு சொல்லுங்க, தப்பு அடிக்கிற அண்ணன்மாரையும் கூத்து மாஸ்டரையும் கேட்டு அவங்க சம்மதிச்சா கூட்டிட்டுப் போங்க. அவங்களுக்குச் சேர வேண்டிய காசை முன்னுக்கே பேசி அவங்க கையில குடுக்கணும், ஒரு சாராயப் போத்தலோட முடிச்சிரக் கூடாது. காமன் கூத்து நேர்த்திக்கு ஆடுறது, விருந்தாளி வந்திருக்காங்கன்னு மாசி மாசத்துக் கூத்தை ஆடி மாசம் கால்மணி நேரத்துல ஆடிக் காட்டச் சொல்லக் கூடாது, செருப்பைக் கழட்டிட்டு நம்ம கூட உக்காந்து பாக்கிறவங்க பாக்கட்டும்.

வெளிநாட்டு ஆளுங்க வராட்டிப் போகுது. கொழும்புல கொட்டாஞ்சேனையிலயும் வெள்ளவத்தையிலயும் கடைகள்ல வேலை செய்யுற நம்ம பொடியன்மாரு எத்தனை ஆயிரம் பேர், அங்கயே கல்யாணம் கட்டி அங்கயே பிள்ளை பெத்தவங்க எத்தனை பேர், அந்தப் பிள்ளைங்க தாத்தா ஊருக்கு வந்தா தங்க இடம் இல்லாம தீபாவளிக்கு வந்த அன்னைக்கே பஸ் ஏறிருதுங்க. தப்பு எப்படி இருக்கும்னே தெரியாத பிள்ளைங்க. அவங்களுக்குத்தான் மொதல்ல இந்த வீடுகள் வேணும்.

அதனால உங்ககிட்ட கேட்டுக்கிறது, தை மாசத்துல இருந்தே எந்தெந்தத் தோட்டத்துல எப்ப கூத்துக்குக் காமன் கம்பம் ஊன்றாங்க, எந்தக் கோயில்ல எப்ப திருவிழான்னு வாசகர்கள்கிட்ட கேட்டு வாரா வாரம் ஒரு மூலையில போடுங்க, எங்க பக்கத்து விவரத்தை நானே சேத்து அனுப்புறேன். வீட்டைப் பதியுறது எப்படி, என்னென்ன பேப்பர் வேணும், பிரதேச சபையில யாரைப் பாக்கணும்னு தெரிஞ்ச ஒரு ஆபிசரைக் கேட்டு விளக்கமா ஒரு பக்கம் எழுதுங்க. விருந்தாளிகளை வச்சுப் பாக்கிறதுக்கான பயிற்சி வகுப்பை ஹட்டன்லயும் பதுளையிலயும் தமிழ்லயே நடத்தணும்னு சுற்றுலா அதிகார சபைக்கு உங்க பேப்பர் மூலமாவே கேட்டுக்கிறேன். எங்க மேல்மாடியில ரெண்டு ரூம் சும்மாதான் கிடக்கு, வகுப்பு வச்சா மொத ஆளா பேர் குடுப்பேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
ஹட்டன்.