இரண்டாம் பருவ நிறைவும் ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் பருவத் தேர்வுகள் நல்லபடியாக நிறைவடைந்தன. ஓவியம், பேச்சு, ஓட்டப் போட்டிகளில் நம் மாணவர்கள் பரிசு பெற்றனர்; அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடைபெற்றது. அனைவருக்கும் பாராட்டுகள்.

தொடக்க வகுப்புகளில் இப்பருவம் முதல் நடைபெறும் மூச்சு விளையாட்டுகளைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது. காகிதக் காற்றாடியை ஒரே சீராகச் சுழலவிடுவது, சோப்புக் குமிழியை உடையாமல் பெரிதாக ஊதுவது, படுத்தபடி வயிற்றின் மேல் வைத்த பொம்மையை மூச்சால் ஏற்றி இறக்குவது ஆகியவையே அவை. வேகமாக ஊதினால் குமிழி உடைந்துவிடும் என்பதால், யாரும் சொல்லாமலே குழந்தை மூச்சை நீட்டி விடப் பழகுகிறது. மூச்சை இழுக்கும்போது சற்றே விரைவுபடும் இதயத் துடிப்பு வெளிவிடும்போது தணிவதால், நீண்டு வெளியேறும் மூச்சு, கோபத்தாலோ அழுகையாலோ படபடக்கும் உடலை ஆற்ற உதவுகிறது. பென்சிலுக்காகக் கைகலப்புவரை போன இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், தானே எழுந்து ஜன்னலோரம் சென்று காற்றாடியை ஊதிவிட்டு வந்து உட்கார்ந்ததை நேரில் கண்டேன்.

ஆனால், இது வீடுகளில் 'யார் அதிக நேரம் மூச்சை அடக்குவது' என்ற பந்தயமாக மாறியிருப்பதை, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பெற்றோர்கள் பகிர்ந்த காணொளிகளில் காண்கிறோம். பிள்ளைகளை ஊக்குவிக்கும் எண்ணமே அதில் இருந்தது என்பதில் ஐயமில்லை. சடுகுடுவும் மூச்சு விளையாட்டுதானே என்று கேட்கலாம். அதில் பாடிப் போகிறவரின் மூச்சு பாட்டோடு வெளியேறிக்கொண்டே இருக்கிறது, இங்கோ அடைத்துவைக்கப்படுகிறது. அடக்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூச்சுவிட வேண்டும் என்ற உந்துதல் தாமதமாகும். ஆக்சிஜன் குறைவதை உணராமலேயே குழந்தை மயங்கி விழக்கூடும். கிணற்றிலோ நீச்சல் குளத்திலோ அது உயிருக்கே உலை வைக்கும். ஆகவே, இப்பந்தயத்தை நடத்துவதோ, நேரம் குறிப்பதோ, காணொளி பகிர்வதோ கண்டிப்பாகக் கூடாது. பள்ளி வேனிலோ வளாகத்திலோ இதில் ஈடுபடும் மாணவரின் பெற்றோர் நேரில் அழைக்கப்படுவர்.

அழும் பிள்ளையை 'போய் மூச்சை இழுத்து விடு' என்று தண்டனைபோல் அனுப்புவதையும் தவிர்க்க வேண்டுகிறேன். சிரித்து விளையாடும் வேளையில் பழகியதுதான் சினம் வரும் வேளையில் கைகொடுக்கும். வீசிங் தொல்லையுள்ள பிள்ளைகளின் பெற்றோர் வகுப்பாசிரியரிடம் அதைத் தெரிவித்துவிடவும்.

காற்றாடி செய்யப் பழைய காலண்டர் அட்டைகளும் தென்னங்குச்சிகளும் சேர்த்து அனுப்பிய பெற்றோர்களுக்கும், பள்ளிக்கே வந்து செய்துகொடுத்த தாத்தா பாட்டிகளுக்கும் மனமார்ந்த நன்றி. பள்ளி திறக்கும் நாள் பிள்ளைகளின் டைரியில் குறிக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்