கூரைமேல் காயும் ஏசி

அன்புள்ள மகள் மீனாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். உன் நலத்தையும் மாப்பிள்ளை, பேரன் நலத்தையும் அறிய ஆவல்.

நான் 'நடமாடும் வீடு' என்று கேலி செய்யும் உங்கள் ஆர்வி வண்டியின் ஏசி, போட்டவுடன் 'உம்' என்று முனகிவிட்டு நின்றுபோவதாகவும், பார்க்க வந்தவர் மேல்மூடியைக்கூடக் கழற்றாமல் "பத்து வருடம் ஆகிவிட்டது, புதிது போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனதாகவும் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொன்னாய். மதுரையில் முப்பது ஆண்டுகள் ஏசி பழுதுபார்த்துப் பிழைத்தவன் சொல்கிறேன், திறந்து பார்க்காதவர் பேச்சை நம்பிப் புதிய ஏசிக்குப் பணம் கட்டிவிடாதே.

இந்த வகை ஏசி பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள் உழைக்கும் என்பார்கள். வீட்டு ஏசியைப் போல ஓரிடத்தில் நிலையாக நிற்காமல், வண்டியோடு குலுங்கிக்கொண்டு கூரைமேல் வெயிலில் காய்வதால், கவனிக்காமல் விட்டால் அதற்கு முன்பே படுத்துவிடும். 2023இல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல் வெயில் கொளுத்தியபோது உங்கள் வண்டி வெட்டவெளியில்தான் நின்றது. ஆனாலும் நீ சொல்லும் முனகல், குளிரூட்டும் கேஸை அழுத்தி ஓடவைக்கும் கம்ப்ரஸர் செத்ததன் அடையாளமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் சூட்டில் வலுவிழந்தாலும் இதே சத்தம்தான் வரும். அதன் தலை உப்பியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். உப்பாவிட்டாலும் மீட்டர் வைத்து அளந்து பார்க்க வேண்டும். புதிய ஏசியின் விலையோடு ஒப்பிட்டால் கெப்பாசிட்டரின் விலை சில்லறைக் காசு. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால், நீயோ மாப்பிள்ளையோ கை வைக்க வேண்டாம். தெரிந்த மெக்கானிக்கை வைத்தே பாருங்கள்.

அடுத்து வோல்டேஜ். ஜூலை மாதத்தில், இத்தகைய வண்டிகளை நிறுத்தித் தங்கும் முகாம் மைதானத்தில் எல்லா வண்டிகளிலும் ஏசி ஓடும்போது 120 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 105க்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு. நம் வீட்டில் கோடைக்கால இரவுகளில் ஃப்ரிட்ஜ் முனகியதும், ஸ்டெபிலைசர் வாங்கி வைத்ததும் உனக்கு நினைவிருக்கும். இங்கேயும் அதே கதைதான். மின்னழுத்தம் குறையக் குறையக் கம்ப்ரஸர் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். பிளக்கில் செருகிப் பார்க்கும் சிறிய வோல்ட்மீட்டர் ஒன்றை வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள். மெல்லிய நீட்டிப்பு ஒயரில் ஏசியை ஓட்டாதே. அணைத்தவுடன் மறுபடி போடாமல் மூன்று நிமிடமாவது பொறுத்துப் போடு.

சென்ற ஆண்டு அங்கு வந்திருந்தபோது, அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு திட்டிக்கொண்டே நிற்க, நான் கூரைமேல் ஏறி அந்தப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன் அல்லவா? சூட்டை வெளியே விடும் கண்டன்சரின் அலுமினியத் தகடுகளுக்கு இடையில் செம்புழுதி கம்பளிபோல் அப்பியிருந்தது. விசிறிக்குப் பக்கத்தில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. பழைய பல்துலக்கியை வைத்து அதைச் சுத்தம் செய்ய எனக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. சூட்டை வெளியே தள்ள வழியில்லாத ஏசி குளிர்ச்சியையும் தராது, நீண்ட நாள் வாழவும் வாழாது. ஆண்டுக்கு ஒரு முறை, கோடை தொடங்குவதற்கு முன், மின்சாரத்தை நிறுத்தி, மோட்டாரையும் ஒயர்களையும் மூடி வைத்துவிட்டு, மெதுவான தண்ணீரில் கழுவச் சொல். கார் கழுவும் அழுத்தக் குழாயைப் பிடித்தால் தகடுகள் மடிந்துபோகும்.

உள்ளே இருக்கும் ஃபில்டரை, வண்டியில் தங்கும் நாட்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டு. உங்கள் நாயின் முடி பாதிக் காற்றை அடைத்துக்கொள்கிறது. காற்று போதாமல் கூலிங் காயிலில் பனி கட்டினால், நீங்கள் கேஸ் குறைந்துவிட்டது என்று நினைப்பீர்கள். இவ்வகை ஏசிகள் பெரும்பாலும் கேஸ் வெளியேறாதபடி முழுக்க மூடி வருபவை. கேஸ் தானாகத் தீர்ந்துபோகாது. உண்மையிலேயே கசிந்திருந்தால் மட்டும் புதிது வாங்குவதில் நியாயம் உண்டு.

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டினால், மழையில் சொட்டுகிறதா, ஏசி ஓடும்போது சொட்டுகிறதா என்று முதலில் கவனி. மழையில் என்றால் அடியில் உள்ள ரப்பர் கேஸ்கெட் போயிருக்கலாம், அல்லது அதன் நான்கு போல்ட்டுகள் தளர்ந்திருக்கலாம். அளவோடு முறுக்க வேண்டும், நசுங்கும்படி முறுக்கக் கூடாது. ஏசி ஓடும்போது என்றால், பெரும்பாலும் தண்ணீர் வடியும் துளை அடைத்திருக்கும்.

கெப்பாசிட்டரை மாற்றிய பின் இருபது நிமிடம் ஓடவிட்டு, காற்றை உள்ளிழுக்கும் இடத்திலும் வெளிவிடும் இடத்திலும் தெர்மாமீட்டர் வைத்துப் பார். வித்தியாசம் 16 முதல் 22 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருந்தால் கருவி நன்றாக இருக்கிறது. மெக்கானிக் மூடியைக் கழற்றும்போது கெப்பாசிட்டர்மேல் அச்சிட்டிருக்கும் எண்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டு அன்றே கூப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா