435 டிகிரி என்பது ஆய்வக அடுப்பின் கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

மூலப்பாறை (எண்ணெய் உருவாகும் பாறை) 435 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால்தான் எண்ணெய் அதைவிட்டு வெளியேறும் என்று தங்கள் அறிவியல் பக்கக் கட்டுரை சொல்கிறது. எண் உண்மையானதுதான், ஆனால் அது பூமிக்குள் அளந்ததல்ல. ராக்-எவால் கருவியில் பொடித்த பாறையை நிமிடத்துக்கு 25 டிகிரி வீதம் சூடேற்றுவார்கள். அப்போது கெரோஜென் (பாறையிலுள்ள திடக் கரிமப் பொருள்) சிதைந்து ஹைட்ரோகார்பன் உச்ச அளவில் வெளிவரும் வெப்பநிலைக்கு டிமேக்ஸ் என்று பெயர். அது 435-ஐ ஒட்டி வந்தால், பாறை எண்ணெய் தரும் பக்குவத்தை எட்டிவிட்டது என்று கொள்வோம். அவ்வளவுதான்.

பூமிக்குள் பாறை பத்து லட்சம் ஆண்டுக்கு ஓரிரு டிகிரிதான் சூடேறும். அடுப்பின் வேகம் இதைப்போல ஏறத்தாழ பத்து லட்சம் கோடி மடங்கு. அவசரப்படுத்தினால் வினைக்குக் கூடுதல் சூடு வேண்டும். காலம் கிடைத்தால் குறைந்த சூடே போதும். நிலத்தடி வேகங்களில், பத்து மடங்கு வேறுபாட்டுக்குச் சுமார் 15 டிகிரி நகரும். எனவே திருத்தம் வெளியிட்டால், பெரும்பாலான மூலப்பாறைகளுக்கு 100 முதல் 150 டிகிரி என்று போடலாம். கந்தகம் மிகுந்த கெரோஜென் இதற்கும் முன்னதாகவே சிதையத் தொடங்கும்.

எண்ணெய் உருவானதும் வெளியேறிவிடுவதில்லை. ஒரு கிராம் கரிமக் கார்பன் சுமார் 100 மில்லிகிராம் எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதற்கு மேல் மிஞ்சுவதே நகரும். வளம் குறைந்த பாறையில் அந்த மிச்சம் வருவதற்குள் சூடு ஏறி, உள்ளிருக்கும் எண்ணெய் வாயுவாகவே உடைந்துபோகலாம்.

கிணற்றடியில் வெப்பமானியை இறக்கினால் விடை கிடைத்துவிடும் என்ற கட்டுரை வரியும் சரியல்ல. துளையிடும்போது கிணற்றில் சுற்றவிடும் சேறு அடியைக் குளிர்வித்திருக்கும். சேற்றோட்டம் நின்றபின் வெவ்வேறு நேரங்களில் மூன்று அளவீடாவது எடுத்து, வெப்பம் மீண்டு வரும் போக்கைக் காட்டும் ஹார்னர் வரைபடத்தில் அவற்றை நீட்டித்தான் உண்மை வெப்பநிலையை எட்ட முடியும். அதுவும் இன்றைய வெப்பநிலைதான். நிலம் உயர்ந்து மேலடுக்குகள் அரிக்கப்பட்டிருந்தால், பாறை அன்று கண்ட சூடு இதைவிட அதிகம்.

எண்ணெயையே சோதிக்கும் வழியும் உண்டு. கட்டுரையாளர் அதைத் தொடாதது எங்களுக்கு வியப்பு. எண்ணெயிலுள்ள இலேசான ஹைட்ரோகார்பன்களான 2,4-டைமெதில்பென்டேன், 2,3-டைமெதில்பென்டேன் இரண்டின் விகிதம் (முதலாவதை இரண்டாவதால் வகுத்தது) எண்ணெய் உருவான வெப்பநிலையோடு மாறுகிறது என்பது ஃபிராங்க் மேங்கோவும் உடன் ஆய்வாளர்களும் 1990-களில் முன்வைத்த கருத்து. விகிதத்தின் இயல் மடக்கையை 15-ஆல் பெருக்கி 140-உடன் கூட்ட வேண்டும். விகிதம் 0.3 என்றால் 122 டிகிரி, 0.2 என்றால் 116.

சூத்திரம் எளிது, மாதிரிதான் படுத்தும். முதலாவது 80.5 டிகிரியிலும் இரண்டாவது சுமார் 90 டிகிரியிலும் கொதிப்பவை. புட்டி திறந்து கிடந்தால் முதலாவதுதான் அதிகம் ஆவியாகும். விகிதம் இறங்கி, எண்ணெய் உருவான வெப்பநிலையை உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். புட்டியை வாய்வரை நிரப்பி, இறுக மூடி, குளிரில் வைக்க வேண்டும். சேர்மங்களைப் பிரித்து அளக்கும் குரோமட்டோகிராஃபில் 2,3-டைமெதில்பென்டேன், எண்ணெயிலுள்ள இன்னொரு சேர்மமான 2-மெதில்ஹெக்சேனோடு ஒட்டியே வெளிவரும்; நீளமான நுண்குழாய் இல்லாமல் இரண்டையும் பிரிக்க முடியாது. நுண்ணுயிர் தின்ற எண்ணெய்க்கு இந்தக் கணக்கே வேண்டாம். இரு காலங்களில் வந்து ஒரே தேக்கத்தில் கலந்த எண்ணெய் என்றால், கிடைக்கும் எண் இரண்டுக்கும் இடைப்பட்டதாக இருக்கும். எந்தப் பாறையும் அந்த வெப்பநிலையில் எண்ணெயை வெளியேற்றியிருக்க வேண்டிய அவசியமில்லை.

இப்படிக்கு,
பெட்ரோலியப் புவிவேதியியல் துறை வாசகர்கள் இருவர்