ஒரு பயணத்துக்கு ஒரே டிக்கெட் கொடுங்கள்: ஐரோப்பிய ரயில்வேக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பிய ஆணையத்தில் போக்குவரத்தையும் சுற்றுலாவையும் கவனிக்கும் ஆணையர் அபோஸ்டோலோஸ் ட்சிட்சிகோஸ்டாஸ் அவர்களுக்கும், ஐரோப்பிய நாடுகளில் ரயில் நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கும், வணக்கம்.

சென்னையிலிருந்து எழுதுகிறேன். சென்ற ஆண்டு மே மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு உங்கள் ஊர்களை ஒன்பது நாள் ரயிலிலேயே சுற்றி வந்தேன். ஆம்ஸ்டர்டாமில் இறங்கி, கொலோன், பாசல், மிலான் வழியாக வெனிஸ். அம்மாவுக்கு 66 வயது. கிளம்பும்போது விமானம்தான் அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது. திரும்பி வந்தபின் யார் கேட்டாலும் ரயிலைப் பற்றித்தான் சொல்கிறார். கொலோன் ஸ்டேஷன் வாசலைத் தாண்டியதும் அண்ணாந்து பார்க்க வைத்த அந்தக் கதீட்ரல், ரைன் நதியை ஒட்டியே போகும் பழைய பாதை, ஆல்ப்ஸ் மலைக்கு அடியில் போகும் 57 கிலோமீட்டர் கோட்ஹார்ட் சுரங்கத்தின் இருட்டு முடிந்து அந்தப் பக்கம் வந்து விழுந்த வெயில். இவ்வளவு நல்ல ரயில்களை வைத்திருக்கிறீர்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம், இனிமேல் கிளம்பப்போகும் எங்கள் ஊர்க்காரர்களுக்கும் இது பயன்பட வேண்டும் என்பது.

எங்களைப் போன்றவர்கள் எப்படித் திட்டம் போடுகிறோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே எந்த இரவு எந்த ஊரில் தங்குகிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே போய் மனம்போல முடிவு செய்யலாம் என்ற வசதி எங்களுக்கு இல்லை. ஆகவே ஊர்கள் முதலில் உறுதியாகிவிடும், ரயில்கள் பிறகு. ஒரு நாட்டில் டிக்கெட் விற்பனை பல மாதம் முன்பே தொடங்கிவிடுகிறது, இன்னொரு நாட்டில் காத்திருக்கச் சொல்கிறார்கள். நான் நான்கு செயலிகளில் கணக்கு தொடங்கி, நான்கு பாஸ்வேர்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டாக வாங்கினேன். விலை குறைந்த டிக்கெட் என்றால் அந்த ஒரு ரயிலில் மட்டும்தான் செல்லும். அதுவும் தெரிந்துதான் வாங்கினேன்.

நடுவில் ஓரிடத்தில் ரயில் மாறும்போது அடி விழுந்தது. எந்த ஊர், எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. ரயில்வே விதியே அப்படி இருக்கும்போது ஒரு பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? முதல் ரயில் 50 நிமிடம் தாமதம். அடுத்த ரயிலுக்கு நான் விட்டிருந்த இடைவெளி 35 நிமிடம். நாங்கள் சூட்கேஸை இழுத்துக்கொண்டு நடைமேடைக்கு ஓடியபோது தண்டவாளம் காலியாகக் கிடந்தது.

கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகத்தான் பேசினார். என் இரண்டு டிக்கெட்டுகளையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் விரலை வைத்து, “இது வேறு, அது வேறு, இரண்டு ஒப்பந்தம்” என்றார். புது டிக்கெட் இரண்டு பேருக்கும் சேர்த்து 178 யூரோ. முதலில் வாங்கியது 58 யூரோ. கட்டினேன். அடுத்த ரயில் வரும்வரை அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, காலையில் ஓட்டலில் எடுத்து வைத்திருந்த ரொட்டியை ஊறுகாயோடு பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். “ரயில்தானே லேட்டு? நாமளா லேட்டா வந்தோம்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன்.

ஊருக்கு வந்தபின் விதிகளைத் தேடிப் படித்தேன். உங்கள் ரயில் பயணிகள் உரிமைச் சட்டம் 2023 ஜூன் 7 முதல் புதிய வடிவத்தில் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரமானால் 50 சதவீதம் இழப்பீடு. நல்ல சட்டம்தான். ஆனால் ஒரே நிறுவனத்திடம் ஒரே தடவையில் வாங்கினால்தான் வழி முழுக்க ஒரே பயணமாகக் கணக்கு. இரண்டு நிறுவனம், இரண்டு டிக்கெட் என்றால், கனெக்‌ஷன் தவறியதற்கு யாரும் பொறுப்பில்லை. ஒன்றாகச் சேர்த்து விற்பவர்கள்கூட, இவை தனித்தனி ஒப்பந்தங்கள் என்று முன்கூட்டியே சொல்லி டிக்கெட்டிலும் குறிப்பிட்டுவிட்டால் விலகிக்கொள்ளலாம். எல்லை தாண்டும் பயணத்தில்தான் இந்தப் பாதுகாப்பு அதிகம் தேவைப்படுகிறது. அங்கேதான் அது அறுந்துபோகிறது.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. உங்களில் பல நிறுவனங்கள் தங்களுக்குள் பயணத் தொடர்ச்சி ஒப்பந்தம் ஒன்று போட்டு வைத்திருக்கின்றன. சர்வதேசப் பயணத்தில் முந்தைய ரயிலின் தாமதத்தால் கனெக்‌ஷன் போய்விட்டால், ரயில் ஊழியரிடமோ ஸ்டேஷனிலோ தாமதத்துக்கு எழுத்துச் சான்று வாங்கிக்கொண்டு, இடமிருந்தால் அதே நிறுவனத்தின் அடுத்த ரயிலில் கூடுதல் பணம் கட்டாமல் போகலாம். இதைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் வந்தது. என் டிக்கெட்டின் எந்த மூலையிலும் இது இல்லை, ரயிலுக்குள் யாரும் அறிவிக்கவில்லை. தெரிந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கும் சலுகையாக இருக்கிறது, உரிமையாக இல்லை. (கிளம்பப்போகும் நம் ஊர்க்காரர்களே, ரயில் தாமதமானால் இறங்குவதற்கு முன்பே டிக்கெட் பரிசோதகரிடம் அந்தச் சான்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.)

பல நாட்டு ரயில்களிலும் செல்லும் யூரெயில் பாஸ் வாங்கியிருக்கலாமே என்பீர்கள். தினமும் நெடுந்தூரம் போகிறவர்களுக்கு அது சரி. ஒன்பது நாளில் நான்கு முறை ரயில் ஏறும் எங்களுக்குக் கணக்கு ஒத்துவரவில்லை. தவிர, இத்தாலியிலும் பிரான்சிலும் அதிவேக ரயில்களுக்குப் பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். இதைவிடக் கடினமானதை நீங்கள் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டீர்கள். நெதர்லாந்தின் வழக்கமான பாதைகளில் ஓடுவது 1,500 வோல்ட் நேர்மின்சாரம். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் 15,000 வோல்ட் மாறுமின்சாரம். இத்தாலியின் பழைய பாதைகளில் 3,000 வோல்ட் நேர்மின்சாரம். எல்லையில் எஞ்சினை மாற்றாமலே ஓடும் வண்டிகளைக் கட்டியிருக்கிறீர்கள். டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை நள்ளிரவில் ஐரோப்பா முழுக்க ஒரே நேரத்தில் கால அட்டவணையை மாற்றுகிறீர்கள். பாசல் நகரில் ஒரு நடை நடந்து பாருங்கள். சுவிஸ் மண்ணிலேயே ஜெர்மன் ரயில்வேயின் ஸ்டேஷன் ஒன்று இருக்கிறது. சுவிஸ் ஸ்டேஷனின் ஒரு கோடியில் பிரெஞ்சு ரயில்களுக்கென்று தனிப் பகுதி. ஒரே ஊரில் மூன்று நாட்டு ரயில்வே இடத்தைப் பகிர்ந்துகொள்ள முடிகிறது, ஒரு டிக்கெட்டைப் பகிர்ந்துகொள்ள முடியாதா?

எங்கள் ரயில்வேயிலும் தாமதத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் கன்னியாகுமரியிலிருந்து அசாமின் திப்ருகருக்கு 4,000 கிலோமீட்டருக்கு மேல், பல மாநிலங்களைத் தாண்டி, ஒரே டிக்கெட்டில் போகலாம். ரயில் மாற வேண்டியிருந்தால், 2019 ஏப்ரலிலிருந்து இரண்டு பி.என்.ஆர். எண்களை இணைத்துக்கொள்ள வழி இருக்கிறது. முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது தவறினால், போகாத பகுதிக்கான கட்டணம் பிடித்தமில்லாமல் திரும்பி வரும். எங்களுடையது ஒரே நிறுவனம், உங்களுடையது பல நிறுவனம், அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆனால் பல நிறுவனங்களின் விமானங்களில் மாறிப் போகும் பயணத்தில் இது நடக்கிறதே. ஒரே முன்பதிவில் வாங்கினால், முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுகிறார்கள்.

ஆணையர் அவர்களே, 2024 ஜூலையில் உங்கள் ஆணையத் தலைவர் உர்சுலா ஃபொன் டேர் லையன் ஒரு வாக்குறுதி கொடுத்தார். ஐரோப்பியர்கள் ஒரே தளத்தில் ஒரே டிக்கெட் வாங்கி, பயணம் முழுவதற்கும் உரிமை பெறும்படி செய்வோம் என்று. அதை முழுதாக நிறைவேற்றுங்கள். எத்தனை நிறுவனம் மாறினாலும், போதிய இடைவெளி விட்டு வாங்கிய டிக்கெட்டுகள் ஒரே பயணமாகக் கருதப்பட வேண்டும். அதற்கு நாளாகும் என்றால், அதுவரை அந்தப் பயணத் தொடர்ச்சி ஒப்பந்தத்தையாவது எல்லா நிறுவனங்களுக்கும் கட்டாயமாக்கி, ஒவ்வொரு சர்வதேச டிக்கெட்டிலும் இரண்டு வரியில் அச்சிடச் சொல்லுங்கள். அதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம்.

அம்மா இப்போது வியன்னா, பிராகா, புடாபெஸ்ட் என்று ஆரம்பித்திருக்கிறார். இந்தத் தடவை ஒவ்வொரு மாறுதலுக்கும் இரண்டு மணி நேரம் விட்டு அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். அப்படிப் போட்டதில் பிராகாவில் ஒரு முழு மதியம் போய்விட்டது. அந்த மதியத்தை அவர் சார்லஸ் பாலத்தில் நடந்து கழிக்கட்டும், ஸ்டேஷன் பெஞ்சில் வேண்டாம்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு ரயில் பயணி