ஊசி பாதியைத் தாண்டினால் நிறுத்திவிடு, கண்ணு

மேட்டுப்பாளையம்

கண்ணு,

நேற்று ராத்திரி போனில் நீ அழாத குறையாகப் பேசியதிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. கத்திரி வெயிலில், கத்திப்பாரா நெரிசலில், பின்னால் இருப்பவர்கள் எல்லாம் ஹாரன் அடிக்க, கார் பானட்டிலிருந்து ஆவி கிளம்பினால் யாருக்கும் கை கால் உதறத்தான் செய்யும். நான் சொன்னதில் பாதி உனக்குக் கேட்கவில்லை, மீதி எனக்கே கோர்வையாக வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்துவிட்டு இதை வண்டியிலேயே வைத்துக்கொள்.

முதலில், என்ஜின் தண்ணீரை ஆற்றுகிற ரேடியேட்டரை மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொன்னாரே, அதற்கு இப்போது பணம் கொடுக்காதே. நீ போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயத்திலேயே பாதி விடை இருக்கிறது. வேளச்சேரியிலிருந்து கிண்டி வரும் நெரிசலில் சூடு ஏறுகிறது, தாம்பரம் தாண்டி எண்பதில் போனால் சூடு காட்டும் ஊசி தானாக இறங்கிவிடுகிறது என்றாய். ஓடுகிற வண்டிக்கு எதிர்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நிற்கிற வண்டிக்கு அந்தக் காற்றை ஃபேன்தான் இழுத்துக் கொடுக்க வேண்டும். நின்றால் சூடு, ஓடினால் சரி என்றால் என் சந்தேகம் முதலில் ஃபேன் மேல்தான் போகும். அதுவே ரேடியேட்டர் உள்ளே அடைத்துக்கொண்டாலோ, வாட்டர் பம்ப் சரியாகத் தள்ளாவிட்டாலோ, மேட்டிலும் வேகத்திலும் அல்லவா சூடு ஏறியிருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில், என்ஜின் ஆறி இருக்கும்போது இதைச் செய். வண்டியை ஸ்டார்ட் செய்து ஏ.சி.யைப் போடு. பெரும்பாலான கார்களில் ஏ.சி. ஓட ஆரம்பித்ததும் முன்னால் இருக்கும் ஃபேனும் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃப்யூஸைப் பார். அது நன்றாக இருந்தால் ரிலேயைப் பார், ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச் அது. அதே பெட்டியில் அதே எண் போட்ட வேறு ரிலே ஒன்று இருக்கும், பல வண்டிகளில் ஹாரனுக்கு உள்ளது. இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்போதும் சுற்றவில்லை என்றால், சாவியை எடுத்துவிட்டு, ஒரு குச்சியால் ஃபேன் மோட்டாரின் முதுகில் லேசாகத் தட்டு. மறுபடி ஸ்டார்ட் செய்து ஏ.சி. போடும்போது சுற்றினால் மோட்டாருக்கு உள்ளே மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ரேடியேட்டர் வாங்கும் காசில் ஒரு சிறு பங்குதான் அதற்கு ஆகும்.

துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு பானட்டுக்குள் குனி. சூடாக இருக்கும் வண்டியில், என்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்ற ஆரம்பிக்கும். விரல் அங்கே இருக்கக் கூடாது.

அப்புறம், ஆபீஸ் போர் தண்ணீரை ஊற்றி நிரப்பினேன் என்றாய். அந்த அவசரத்தில் நீ செய்தது தப்பில்லை, தண்ணீர் இல்லாமல் ஓட்டுவதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் அதை உள்ளேயே விட்டுவைக்காதே. உன் குளியலறை பக்கெட்டின் விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதே உப்பு, அதே உப்புதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். எல்லாவற்றையும் வடித்து, கழுவி, ரேடியேட்டருக்கென்று விற்கும் கூலண்ட் திரவமும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றச் சொல். வாங்கும்போதே கலந்து வருவதும் உண்டு, அதில் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்கக் கூடாது. பச்சை, சிவப்பு, நீலம் என்று பல நிறங்களில் கிடைக்கும். நிறத்தை நம்பாமல், வண்டிப் புத்தகத்தில் எந்த வகை போட்டிருக்கிறதோ அதையே வாங்கு. பழையது துருப்பிடித்த நிறத்தில் வந்தால் எனக்குப் படம் எடுத்து அனுப்பு.

ரேடியேட்டர் மூடியைப் பற்றி நான் எத்தனை தடவை சொன்னாலும் அலுக்க மாட்டேன். சின்ன வயதில் என் இடது முழங்கைக்குக் கீழே இருக்கும் தழும்பைத் தடவி, “இது என்னப்பா, மேப் மாதிரி இருக்கு?” என்று கேட்பாயே, அது அந்த மூடி கொடுத்ததுதான். மெக்கானிக் தொழில் பழகிய புதிதில், கல்லாறு பக்கம் நின்றுபோன ஒரு வண்டி. துணியைச் சுற்றிக்கொண்டால் போதும் என்று நினைத்துத் திருகினேன். மூடி கையை விட்டுப் பறந்தது, கொதிநீர் தோளுக்கு மேல் எகிறியது. அது குக்கர் மாதிரிதான் அம்மிணி. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் 100 டிகிரி தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அத்தனையும் ஒரே சமயத்தில் கொதித்து வெளியே பாய்கிறது. விசில் அடங்காத குக்கரை நீ திறப்பாயா? அரைமணி நேரம் காத்திரு. ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பார், கை வைக்க முடிந்து, அமுக்கினால் மெத்தென்று இருந்தால் மட்டும் மூடியைத் தொடு. அதே குக்கர் கணக்குதான் மூடியின் ரப்பருக்கும்: கேஸ்கெட் தளர்ந்தால் குக்கரில் அழுத்தம் ஏறாதது போல, ரேடியேட்டர் மூடி தளர்ந்தாலும் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். அதையும் புதிதாக மாற்றிவிடு, விலை சொற்பம்தான்.

ரோட்டில் ஊசி ஏற ஆரம்பித்தால் செய்ய வேண்டியது இதுதான். ஏ.சி.யை அணை. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றையும் முழு வேகத்தில் திறந்துவிடு, கண்ணாடிகளை இறக்கிக்கொள். உனக்கு வேர்த்துக் கொட்டும். ஆனால் ஹீட்டர் என்பது உள்ளே இருக்கும் இன்னொரு சின்ன ரேடியேட்டர், என்ஜினின் சூட்டைக் கொஞ்சம் அது வாங்கிக்கொள்ளும். இடம் கிடைத்ததும் ஓரம் கட்டி அணைத்துவிடு. சிவப்புக் கோட்டைத் தொடும் வரை காத்திருக்காதே. வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டினாலே போதும், நிறுத்து. சூடான என்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்ற யாரையும் விடாதே, உதவி செய்ய வருகிறவர்கள் அதைத்தான் முதலில் செய்வார்கள். உலோகம் விரிசல் விட்டுவிடும்.

உனக்கு நான் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. உனக்கு நாலு வயது. குன்னூர் அத்தை வீட்டு விசேஷத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம், நீ அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். பர்லியாறு தாண்டியதும் ஊசி ஏறியது. அடுத்த வளைவில் நிறுத்தலாம் என்று நினைத்தேன். வளைவுக்கு முன்பே ஊசி சட்டென்று இறங்கிவிட்டது. சரி, தானாக ஆறிவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினேன். கீழ் ஹோஸ் கிழிந்து தண்ணீர் மொத்தமும் ரோட்டில் போயிருக்கிறது. தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டிய சென்சார் வெறும் காற்றில் நின்றதால் ஊசி கீழே வந்திருக்கிறது. என்ஜின் ஒரு முக்கு முக்கி அப்படியே இறுகி நின்றது. என்ஜினின் மேல்பாகமான ஹெட் வளைந்து, அதன் அடியில் இருக்கும் கேஸ்கெட் போய், லேத் பட்டறையில் கொடுத்துச் சீவி வாங்கி, அந்த வருஷம் உன் பள்ளிக்கூடப் பணத்துக்கு அம்மா வளையலை வைக்க வேண்டி வந்தது. ஊரார் வண்டியை எல்லாம் சரி செய்கிறவன், அத்தை வீட்டுக்கு நேரமாகிறது என்ற ஒரே காரணத்துக்காக என் வண்டியை ஓட்டினேன். அதனால் சொல்கிறேன், ஏறிய ஊசி காரணமில்லாமல் திடீரென்று விழுந்தால் அதைத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

இன்னொன்றையும் நீ எனக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும். தாம்பரம் தாண்டி ஊசி இறங்குகிறது என்றாயே, நடுவில் வந்து நிற்கிறதா, அடிமட்டத்துக்கே போய்விடுகிறதா? அடிமட்டம் என்றால், இதற்கு முன் வண்டியை வைத்திருந்தவர், என்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் அடைத்து வைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருக்கலாம். “நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?” என்று சொல்லிக் கழற்றிவிடும் பழக்கம் நம் பக்கம் ரொம்ப காலமாக இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. என்ஜின் அதற்குரிய சூட்டில் ஓடினால்தான் எண்ணெய் ஒழுங்காக வேலை செய்யும், பெட்ரோலும் வீணாகாது. 82 அல்லது 88 டிகிரி வந்ததும் உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து வழி திறக்கும், அவ்வளவு எளிமையான பொருள். சந்தேகம் இருந்தால் பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் வைத்துப் பார்க்கலாம், தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே வாய் திறக்க வேண்டும்.

எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடு. இருந்தால் எண்ணெயோடு தண்ணீர் கலந்திருக்கலாம், வண்டியை நகர்த்தாதே, நான் கிளம்பி வருகிறேன்.

மே கடைசியில் வண்டியிலேயே வந்து அம்மாவை அத்தை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று கேட்டாய். இதெல்லாம் சரியான பிறகு வா. ஊட்டி சீசனில் குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் விடுவார்கள். ஏறும் வரிசை ஊர்ந்துதான் போகும். மேடும் நெரிசலும் சேர்ந்து வரும்போது ஃபேனுக்கும் வேலை, பம்புக்கும் வேலை. குன்னூரில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக மாட்டேன் என்கிறது என்று அத்தை புலம்புவது அதனால்தான். ரேடியேட்டருக்கும் மேலே போகப் போக அதே பாடுதான். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவோம். கொஞ்சம் சூடு தெரிந்தாலும் பர்லியாறில் நிறுத்தி மங்குஸ்தான் கிடைத்தால் வாங்குவோம். கல்லாறு தாண்டிய பிறகு மலை ரயிலே ஹில்குரோவில் தண்ணீருக்கு நின்றுதானே ஏறுகிறது.

கூலண்ட் மிச்சம் இருந்தால் டப்பாவை இறுக்கி மூடி உயரத்தில் வை, சிந்தியதைக் கழுவி விடு. அது இனிப்பாக இருக்கும், நக்கினால் உயிருக்கே ஆபத்து. நீ சோறு வைக்கிற அந்த நாய்க்குட்டி பார்க்கிங்கில்தானே படுத்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஏ.சி. போட்டதும் எனக்கு போன் பண்ணி, போனை ரேடியேட்டர் பக்கமாகத் தள்ளிப் பிடி. ஃபேன் சுற்றுகிறதா, எப்படிச் சுற்றுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
அப்பா